பவளத்தின் நிறம் மாறினால்: சதையைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, தண்ணீரை அளந்து காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளத்தைப் பார்த்து "பவளம் வெளுத்துப்போச்சு" என்று சொல்லும்போது முற்றிலும் வேறான இரண்டு நிலைகளை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒன்றில் சதை உயிரோடு இருக்கிறது. நிறத்தை மட்டும் இழந்து கண்ணாடி போல ஆகிவிட்டதால் உள்ளே இருக்கும் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. இன்னொன்றில் சதையே போய்விட்டது, வெறும் கூடு நிற்கிறது. முதல் நிலை சில வாரங்கள் அவகாசம் தரும். இரண்டாவது சில சமயம் ஒரு ராத்திரி கூடத் தராது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு, அவசரமும் வேறு.

இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், நிறம் மாறிய அன்றே ஏதோ ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றுவதால் தொட்டிகளில் பல பவளங்கள் சாகின்றன. இன்று கண்ணுக்குத் தெரியும் நிறம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முன்பு தண்ணீரிலோ வெளிச்சத்திலோ நடந்த மாற்றத்தின் விளைவு. அதனால் கீழே சொல்லும் வரிசையைக் குலைக்காதீர்கள்: முதலில் சதை, அடுத்து மாற்றம் தொடங்கிய இடம், அதற்குப் பிறகுதான் டெஸ்ட் கிட். மருந்து கடைசியில்.

நிறம் எங்கிருந்து வருகிறது

பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அதன் நிறம் பழுப்பு. வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கை அதுதான் கொடுக்கிறது. பச்சை, நீலம், ஊதா, சிவப்பு எல்லாம் பவளமே உண்டாக்கும் நிறப்புரதங்கள். இவற்றில் பல, கடும் வெளிச்சத்திலிருந்து பாசியைக் காக்கும் குடை மாதிரி வேலை செய்கின்றன. அதனால்தான் ஒரே கிளையில் விளக்கைப் பார்த்த பக்கம் ஊதாவாகவும் நிழல் பக்கம் மங்கலாகவும் இருக்கிறது.

ஆக, கண்ணில் படும் நிறம் பழுப்புப் பாசியும் நிறப்புரதமும் சேர்ந்த கலவை. பாசி பெருகினால் பவளம் பழுப்பாகும். குறைந்தால் வெளிறும். முழுக்க வெளியேறினால் வெளுக்கும். பாசி போன பிறகு புரதம் மட்டும் மிஞ்சி, சில பவளங்கள் திடீரென்று பளீர் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மின்னும். "என்ன அழகாக நிறம் ஏறியிருக்கிறது" என்று சந்தோஷப்படுவோம். அப்படி மின்னும் பவளத்தில் பழுப்பு துளிகூட இல்லையென்றால் அது பட்டினியின் நிறம்.

முதல் படி: நீல விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

நீல வெளிச்சத்தில் ஒளிரும் புரதங்கள் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். எல்.இ.டி.யை வெள்ளைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வெள்ளை டார்ச் போதும். வேவ்மேக்கரை (நீரோட்டம் தரும் பம்ப்) ஐந்து நிமிடம் நிறுத்தினால் நீர் அசையாமல் தெளிவாகத் தெரியும். படம் எடுப்பதாக இருந்தால் எப்போதும் அதே வெள்ளை அமைப்பில், அதே கோணத்தில், அதே நேரத்தில் எடுங்கள். வாரம் ஒரு படம் இருந்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

இரவில், விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். பவளத்தைத் தின்னும் பல பூச்சிகள் பகலில் தலையே காட்டாது.

இரண்டாம் படி: சதை இருக்கிறதா?

வெளுத்த இடத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. சதை இருந்தால் மேற்பரப்பில் ஈரப்பளபளப்பான, வழவழப்பான மெல்லிய படலம் தெரியும். சின்னஞ்சிறு பாலிப்கள் (பவளத்தின் வாயும் கரங்களும் உள்ள குட்டி உயிர்கள்) உள்ளிழுத்தபடியோ நீட்டியபடியோ இருக்கும். பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த குழாய்) மெதுவாக நீரைப் பீய்ச்சினால் அவை சுருங்கும். சதை இல்லாத கூடு சுண்ணாம்புக் கல்லைப் போல உலர்ந்த வெள்ளையாக, குழிகளின் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் அதன் மேல் பச்சையோ பழுப்போ பாசி படரத் தொடங்கிவிடும். உயிருள்ள சதையின் மேல் பாசி படராது. இந்த ஒரு அடையாளம் போதும்.

ஒரு குழப்பம் உண்டு. வெளுத்த பவளம் சில நேரம் உள்ளிருந்து இளம்பச்சையாகத் தெரியும். கூட்டுக்குள்ளேயே வாழும் துளையிடும் பாசியின் நிறம் அது. கண்ணாடியான சதை வழியாக வெளிச்சம் உள்ளே போவதால் அது பெருகுகிறது. மேலே வழவழப்பு இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

மூன்றாம் படி: எங்கே தொடங்கியது?

தொடங்கிய இடம் பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா போன்ற எஸ்.பி.எஸ். (சிறிய பாலிப் கல்பவளம்) பவளங்களில் இதைத் தெளிவாகப் படிக்கலாம்.

மேற்பக்கம் மட்டும் வெளுத்து, அடியும் நிழல் பக்கமும் நன்றாக இருந்தால் வெளிச்சம் அதிகம். விளக்கையே தொடவில்லை என்றாலும் இது நடக்கும். உப்பு படிந்த விளக்குக் கண்ணாடியை நன்றாகத் துடைத்திருப்பீர்கள், அல்லது புது ஆக்டிவேட்டட் கார்பனை நிறையப் போட்டு நீரின் மஞ்சள் நிறத்தை ஒரே நாளில் எடுத்திருப்பீர்கள். பவளத்துக்கு இரண்டும் விளக்கை ஏற்றியது போலத்தான்.

நுனிகள் மட்டும் சதை உரிந்து வெள்ளையாக இருந்தால் ஆல்கலினிட்டி (பவளம் கூடு கட்டச் செலவழிக்கும் பைகார்பனேட்டின் அளவு) ஏறியிருக்கும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்தில் இருக்கும். வேகமாக வளரும் நுனி இயல்பாகவே வெள்ளைதான் என்பதையும் மறக்காதீர்கள். அந்த வெள்ளை வழவழப்பாக, நுனிப் பாலிப் வட்டமாக முழுசாக இருக்கும். கருகிய நுனியில் கூடு துருத்திக்கொண்டு இருக்கும், ஓரிரு நாளில் பாசி பிடிக்கும்.

அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல உரிந்தால் மூன்று சாத்தியம்: மேல்கிளைகள் வளர்ந்து அடியை நிழலில் தள்ளியிருக்கலாம், நீரோட்டம் உள்ளே போகாமல் இருக்கலாம், ஆல்கலினிட்டி தள்ளாடியிருக்கலாம். அடியில் தட்டைப்புழுவோ அதன் முட்டையோ இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும், பக்கத்துப் பவளத்தை நோக்கிய பக்கம் கெட்டால் அது சண்டை. பாறையில் ஒட்டிய விளிம்பில் தின்ற மாதிரி வளைவு வளைவாக இருந்தால் பூச்சி.

தொட்டி முழுக்க, எல்லா வகையும் ஒரே நேரத்தில் சுருங்கினால் தண்ணீரில் பொதுவான கேடு இருக்கிறது. வெப்பம், உப்பு, ஆல்கலினிட்டி, உலோகம் என்ற வரிசையில் தேடுங்கள். ஒரே ஒரு பவளம் மட்டும் கெட்டிருந்தால் முழுத் தொட்டியின் நீரையும் மாற்றிக் குழப்பாதீர்கள். வெளிச்சம், நீரோட்டம், பூச்சி, பக்கத்து வீட்டுக்காரர் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நான்காம் படி: அளப்பது, அளவையையே சந்தேகிப்பது

பொதுவாக எல்லாப் பவளத்துக்கும் ஒத்துவரும் அளவுகள் இவை:

வெப்பம் 24.5 முதல் 26.5 டிகிரி செல்சியஸ்
உப்பு 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026)
ஆல்கலினிட்டி 7 முதல் 9 டி.கே.ஹெச். (ஆல்கலினிட்டியின் அலகு)
கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு)
மெக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம்.
நைட்ரேட் 2 முதல் 15 பி.பி.எம்.
பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்.
பி.ஹெச். 7.9 முதல் 8.4

இந்தப் பட்டியலில் எந்த எண் என்பதைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதே பெரிது. 7.5-ல் மாதக்கணக்கில் நிற்கும் ஆல்கலினிட்டி நல்லது. சராசரி 8.5 என்று காட்டிக்கொண்டு 7-க்கும் 10-க்கும் ஊசலாடுவது கொல்லும்.

உப்பை முதலில் சரிபாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) வெறும் ஆர்.ஓ. (வடிகட்டிய, உப்பில்லாத) தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 பி.பி.டி. அளவுத் திரவத்தில் அது 35 காட்ட வேண்டும். பூஜ்யத்தில் சரியாக இருந்து 35-ல் இரண்டு மூன்று புள்ளி தவறும் கருவிகள் சாதாரணம். உப்பு தவறினால் கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி எல்லாமே தவறாக வரும். நீங்கள் இல்லாத குறைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பாஸ்பேட் கருவிகள் சில பாஸ்பரஸை பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பி.பி.எம். கிடைக்கும். 10 என்று காட்டினால் உண்மையில் 0.03. நைட்ரேட் கிட்டிலும் இப்படி ஒரு பொறி உண்டு: நைட்ரேட்-நைட்ரஜன் என்று போட்டிருந்தால் 4.4 ஆல் பெருக்குங்கள். தொட்டிச் சுவரெல்லாம் பாசி இருந்தும் பாஸ்பேட் பூஜ்யம் வந்தால் பாசி அதை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம், இல்லையென்று அர்த்தமில்லை.

ஆல்கலினிட்டியை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுங்கள். விளக்கு எரியும்போது பவளங்கள் அதைச் செலவழிக்கும். காலையில் 8.4-உம் இரவில் 7.9-உம் வந்தால் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் ஒரே நேரத்தில் எடுத்த எண்கள்தான் பேசும்.

வெளிச்சத்துக்குக் கண் நல்ல கருவி இல்லை. பி.ஏ.ஆர். மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளப்பது) ஒருநாளைக்கு இரவல் கிடைத்தாலும் வாங்கி அளந்து, ஒவ்வொரு பாறையின் எண்ணையும் குறித்துவையுங்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் எல்.பி.எஸ். வகைகளுக்கு 75 முதல் 150, அக்ரோபோரா வகைகளுக்கு 200 முதல் 350 சுமாரான எல்லை.

பழுப்பாகிவிட்டால்

பாசி பெருகியிருக்கிறது. உணவு மிச்சம் அதிகம் அல்லது வெளிச்சம் குறைவு, பல நேரம் இரண்டும். பவளம் ஆரோக்கியமாகவே இருக்கும், பாலிப் நன்றாக நீட்டும், வளரவும் செய்யும். அதனால் இதில் அவசரம் துளியும் கிடையாது. புதிதாக வாங்கிய பவளம் முதல் மாதம் பழுப்பாவதும் சகஜம்.

பாஸ்பேட் 0.2-க்கு மேல் இருந்தால் இறக்குங்கள், ஆனால் மெல்ல. பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு உறிஞ்சியைப் பாக்கெட்டில் போட்ட அளவில் கால்பங்கு மட்டும் போட்டு, நான்கு நாளுக்கு ஒருமுறை அளந்து, 0.2-லிருந்து 0.1-க்கு வர மூன்று நான்கு வாரம் கொடுங்கள். இறங்கிய பிறகு மறுபடி ஏறும். பாறைகள் பிடித்துவைத்திருந்த பாஸ்பேட் கசிந்து வெளிவருகிறது, அவ்வளவுதான். முழு அளவைப் போட்டு ஒரே வாரத்தில் 0.02-க்குத் தள்ளினால் பழுப்புப் பவளம் சதை உரிந்த பவளமாக மாறும்.

வெளிச்சம் குறைவென்றால் வாரம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். உணவைக் குறைப்பதையும் வெளிச்சத்தை ஏற்றுவதையும் ஒரே வாரத்தில் செய்யவே வேண்டாம்.

வெளிறினால்

நிறம் முழுக்கப் போகவில்லை, கழுவிய துணி மாதிரி மங்கியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நைட்ரேட், பாஸ்பேட். ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கை எடுக்கும் கருவி), உறிஞ்சி, பாக்டீரியா உணவு என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிச் சுத்தம் செய்த தொட்டிகளில் இவை பூஜ்யமாகிவிடும். பவளத்துக்கும் அதன் பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். குறிப்பாக, நைட்ரேட் தாராளமாக இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாத நிலை மோசமானது. பாசி பெருக முயன்று, பாஸ்பரஸ் பட்டினியில் அதன் சவ்வுகள் பலவீனமாகி, சாதாரண வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்குமே பவளம் வெளுத்துவிடும்.

பூஜ்யத் தொட்டியில் இன்னொரு ஆபத்து டைனோஃபிளஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். மணலிலும் பாறையிலும் பழுப்பு நூல் சளி, நுனிகளில் காற்றுக்குமிழி, இரவில் குறைந்து மதியம் பெருகும். பவளம் வெளிறி, கூடவே இதுவும் தெரிந்தால் காரணம் கிட்டத்தட்ட உறுதி.

மீன்களுக்கு உணவை ஏற்றுவதே முதல் மருந்து. அது போதாமல் நைட்ரேட் தனியாக ஏற்ற வேண்டுமென்றால், 100 லிட்டருக்கு 1 பி.பி.எம். ஏற 137 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட் போதும். சுத்தமான, உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1 பி.பி.எம். தாண்டாதீர்கள். உறிஞ்சியை எடுத்துவிடுங்கள்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சரியாக இருந்தும் வெளிறினால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். மாண்டிபோரா (தட்டாகவும் வளரும் எஸ்.பி.எஸ்.) வகைகள் மட்டும் சாம்பல் பூத்தால் பொட்டாசியத்தையும் ஒருமுறை அளக்கலாம். கடல்நீரில் அது 400 பி.பி.எம். சுமாரில் இருக்கும்.

வெளுத்தேவிட்டால்

அதிக வெளிச்சமோ வெப்பமோ பாசியின் ஒளிச்சேர்க்கையைத் திணறடிக்கும். அப்போது உருவாகும் வீரிய ஆக்சிஜன் சதையைச் சுடும். பவளம் தற்காப்பாகப் பாசியை வெளியேற்றிவிடும். கடலில், அந்த இடத்தின் கோடை உச்ச சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே இது தொடங்கிவிடுகிறது. 1998, 2010, 2014–17 என மூன்று முறை உலகளவில் நடந்து, நான்காவது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஹீட்டரின் ரிலே (சுவிட்ச்) அணையாமல் ஒட்டிக்கொண்டால் கடலுக்கு வாரங்கள் எடுத்த சூடு தொட்டிக்கு ஒரே இரவில் வந்துவிடும். இரண்டு வெப்பமானிகள் வையுங்கள். ஹீட்டரை எப்போதும் தனிக் கன்ட்ரோலர் வழியே இணையுங்கள்.

செய்ய வேண்டியது: விளக்கை 25 முதல் 30 சதவீதம் குறையுங்கள், அல்லது பவளத்தை அப்படியே கீழே நிழலான பாறைக்கு நகர்த்துங்கள். ஒருமுறை நகர்த்தினால் அங்கேயே விடுங்கள். நாளொரு இடம் மாற்றுவது அதற்கு மிச்சமிருக்கும் பலத்தையும் தின்றுவிடும். பாசி இல்லாத பவளத்துக்குச் சாப்பாடு நீங்கள்தான் போட வேண்டும். எல்.பி.எஸ். என்றால் வாரம் இருமுறை, விளக்கு அணைந்து பாலிப் நீட்டிய பிறகு, பொடியாக நறுக்கிய இறாலோ மைசிஸோ (குட்டி இறால் போன்ற உயிர்) ஒரு வாய்க்கு ஒரு துண்டு. எஸ்.பி.எஸ்.-க்கு மிக நுண்ணிய தூள் உணவு, கொஞ்சமாக. வெப்பம் ஏறியிருந்தால் ஐஸ் போட்டு ஒரு மணி நேரத்தில் இறக்காதீர்கள். விசிறியை நீர்மட்டத்தில் திருப்பி, நாளுக்கு 1 டிகிரி வீதம் இறக்குங்கள். ஆவியாகும் தண்ணீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப மறக்க வேண்டாம்.

சதை உரிந்தால்: மெல்லவா, வேகமாகவா?

நாளுக்கு ஓரிரு மில்லிமீட்டர் உரிந்தால் மெல்ல உரிதல். காரணம் தேட நேரம் உண்டு. மணிக்கணக்கில் சதை கந்தல் கந்தலாகப் பறந்தால் வேக உரிதல். இதில் காரணம் தேடுவது பிறகு, கத்தரி முதலில்.

உரியும் கோட்டிலிருந்து குறைந்தது 1 சென்டிமீட்டர் நல்ல சதைக்குள் போய் வெட்டுங்கள். கோட்டை ஒட்டி வெட்டினால் நோயையும் சேர்த்தே எடுத்துப்போகிறீர்கள். ஒரு கிளையை நம்பாமல் நான்கைந்து துண்டுகளாக்கி, அயோடின் டிப்பில் (பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்) பாட்டிலில் சொன்ன அளவும் நேரமும் வைத்து, வேறு வேறு இடங்களில், முடிந்தால் வேறொரு தொட்டியிலும் நடுங்கள். உரிந்த தாய்ப்பவளத்தைத் தொட்டியில் அழுக விடாதீர்கள். மெல்ல உரிவதில், கோட்டின் மேலேயே சயனோஅக்ரிலேட் ஜெல் பசையை நல்ல சதை மேல் 2 மில்லிமீட்டர் ஏறும்படி பூசி அடைத்தால் பல முறை நின்றுவிடும்.

ஒரே நாளில் பல பவளங்கள் உரிந்தால் ஆல்கலினிட்டியை உடனே அளங்கள். திருத்தும் கணக்கு எளிது: 100 லிட்டருக்கு 1 டி.கே.ஹெச். ஏற 3 கிராம் சமையல் சோடா. பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் இருந்து, 6.5-லிருந்து 8-க்கு ஏற்ற வேண்டுமென்றால் மொத்தம் 9 கிராம். அதை மூன்று நாளுக்கு, நாளுக்கு 3 கிராமாக, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். ஏறியிருந்தால் அமிலம் எதுவும் தேட வேண்டாம். டோசிங்கை (ஆல்கலினிட்டி ஏற்ற மருந்து ஊற்றுவதை) நிறுத்தினால் பவளங்களே செலவழித்து இறக்கிவிடும்.

பதற்றத்தில் பாதித் தண்ணீரை மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு. உங்கள் உப்பைக் கலந்த புது நீர் 11 டி.கே.ஹெச். காட்டுகிறது, தொட்டி 7.5-ல் இருக்கிறது என்று வையுங்கள். 20 சதவீதம் மாற்றினால் 0.7 ஏறும். 50 சதவீதம் மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 1.75 ஏறும். காப்பாற்றப் போட்ட தண்ணீரே கடைசி அடியாகிவிடும். கலந்த நீரின் ஆல்கலினிட்டியை அளக்காமல் ஊற்றாதீர்கள்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் தொட்டியே வாடுகிறதென்றால் உலோகம். வேவ்மேக்கர், கண்ணாடி துடைக்கும் காந்தம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காந்த உறையில் விரிசல், துரு, வீக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி) விழுந்த ஸ்க்ரூ, துருப்பிடித்த கிளாம்ப், மீன் நோய்க்குத் தாமிரம் போட்ட வாளி எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஆர்.ஓ. வடிகட்டியின் டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யமா என்றும் பாருங்கள். புது கார்பன், உலோகம் உறிஞ்சும் பேட், கூடவே ஐ.சி.பி. (நீரிலுள்ள தனிமங்களை ஆய்வகத்தில் அளப்பது) ஆய்வுக்கு ஒரு குப்பி தண்ணீர்.

எல்.பி.எஸ். பவளங்களின் தனிக் குறிகள்

டார்ச், ஹாம்மர் எனப்படும் யூஃபிலியா வகைப் பவளங்கள் உப்பிக்கொண்டிருந்தால் நலம். சதை சுருங்கி, கூட்டின் தகடுகள் பற்கள் போல் வெளியே தெரிந்தால் நலமில்லை. பகலிலும் வாய் திறந்தே கிடந்தால் கடும் நெருக்கடி. பாலிப் முழுசாகக் கூட்டைவிட்டுக் கழன்று மிதந்தால் பவளம் கூட்டையே கைவிட்டுவிட்டது என்று பொருள்.

இவற்றில் பயப்பட வேண்டியது பழுப்பு ஜெல்லி நோய். ஒரு தலையின் மேல் பழுப்புச் சளி நுரை போலக் கட்டி நிற்கும், வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் தாங்காது. நுண்ணோக்கியில் அந்தச் சளி முழுக்கச் சதை தின்று நீந்தும் சீலியேட்கள் என்னும் ஒற்றைச் செல் உயிர்கள். ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு ஒரே நாளில் தாவும். எல்லா பம்பையும் நிறுத்திய பிறகே கை வையுங்கள். இல்லையென்றால் சளி தொட்டியெங்கும் பறந்து மற்ற யூஃபிலியாக்களில் ஒட்டும். குழாயால் சளியை உறிஞ்சி வெளியே விட்டு, பவளத்தை எடுத்து, கெட்ட தலையைத் தண்டோடு வெட்டி எறியுங்கள். மிஞ்சியதை டிப் செய்து, தனித் தொட்டியில் ஒரு வாரமாவது வையுங்கள்.

பூச்சி இருக்கிறதா: டிப் செய்து பார்க்கும் முறை

வெள்ளை நிறப் பாத்திரம் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் தொட்டித் தண்ணீர் 2 லிட்டர். முதலாவதில் பவள டிப் மருந்து பாட்டிலில் சொன்ன அளவு, இரண்டாவது அலசுவதற்கு. பவளத்தை முதல் பாத்திரத்தில் 10 நிமிடம் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை பேஸ்டரால் எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கம் பலமாகப் பீய்ச்சுங்கள். பிறகு பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்.

அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு வெட்டிய நகத்துணுக்கு போல, நீள்வட்டமாக, பாதிக் கண்ணாடியாக மிதந்து விழும். தின்ற சதையின் நிறத்தையே வாங்கிக்கொள்வதால் பவளத்தின் மேல் இருக்கும்போது கண்ணுக்குச் சிக்காது. அதன் அடையாளம் கிளையில் சிதறிய சின்ன வட்ட வெளிர்ப்புள்ளிகள். அடியில், சதை இல்லாத கூட்டின் மேல், பொன்பழுப்பு முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். எந்த டிப்பும் முட்டையைக் கொல்லாது. முட்டை உள்ள கூட்டை வெட்டி எறிந்து, புது பிளக்கில் (பவளம் ஒட்டும் சின்ன அடிக்கட்டை) ஒட்டி, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை ஆறு வாரம் டிப் செய்ய வேண்டும். தொட்டியில் உள்ள எல்லா அக்ரோபோராவையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். ஒன்றை விட்டாலும் வேலை முழுக்க வீண்.

மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளி, அரை மில்லிமீட்டர் அளவு, கிளை மேல் தூசி போல நகர்ந்தால் செந்நுண்பூச்சி. அக்ரோபோரா மங்கி, பாலிப் நீட்டாமல் இருக்கும். மில்பெமைசின் என்னும் கால்நடை மருந்து வேலை செய்யும், ஆனால் தொட்டியில் போட்டால் இறாலும் நண்டும் சாகும். மாண்டிபோராவின் ஓரங்களில் கடித்த வெள்ளை இருந்தால் தட்டைத் திருப்பி அடியில் பாருங்கள்: 2, 3 மில்லிமீட்டர் வெள்ளை நியூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), பக்கத்தில் முட்டை. ஜோவாந்திட் (பொத்தான் போன்ற பாலிப்கள் கூட்டமாக உள்ள வகை) நாள்கணக்கில் மூடியே கிடந்தால் அதே நிறத்தில் ஒளிந்த நியூடிபிராங்கையும், சதுரங்கக் கட்டம் போட்ட சன்டயல் நத்தையையும் இரவில் தேடுங்கள்.

ஜோவாந்திட், பாலித்தோவா வகைகளைக் கையாளும்போது கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். இவற்றில் பலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது தெறிப்பதும், அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைப்பதும் மனிதரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கின்றன. எந்தக் காரணத்துக்கும் கொதிக்கவைக்காதீர்கள். டிப் தண்ணீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

பக்கத்து வீட்டுச் சண்டை

காலாக்ஸியா, யூஃபிலியா என்னும் எல்.பி.எஸ். வகைகள் இரண்டும் இரவில் துழாவும் கரங்களை 15 சென்டிமீட்டர் வரைகூட நீட்டி எட்டியதைச் சுடும். டார்ச் பவளத்தின் பக்கத்தில் ஹாம்மர் வைத்தால் ஹாம்மர் தோற்கும். நீரோட்டம் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் இடைவெளி இரட்டிப்பாக இருக்கட்டும். லெதர் பவளங்கள் (தோல் போன்ற மென்பவளங்கள்) தொடாமலே வேதிப்பொருளைக் கசியவிடும். அவை பெரிதாக வளர்ந்த தொட்டியில் கார்பனை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றாமல் எஸ்.பி.எஸ். வளர்ப்பது கஷ்டம்.

அதே லெதர் பவளம் சில நாள் மூடிக்கிடந்து, மேலே மெழுகு பூசிய மாதிரி ஆனால் பயப்பட வேண்டாம். தோலுரிக்கிறது. கொஞ்சம் நீரோட்டம் கூட்டிவிட்டால் போதும்.

குணமாகும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்குப் பத்து நாள் காத்திருப்பு. நோட்டில் தேதி, மாற்றியது என்ன, எண்கள், படம். உப்பைத் திருத்தினால் நாளுக்கு 1 பி.பி.டி., ஆல்கலினிட்டி நாளுக்கு 0.5 டி.கே.ஹெச்., வெளிச்சம் வாரம் 10 சதவீதம்.

வெளுத்த பவளம் மீளும்போது முதலில் பழுப்பாகத்தான் வரும். பாலிப் நீட்டல் திரும்பும், அடிப்பக்கமும் நிழல் பக்கமும் முதலில் கருக்கும், பிறகு மேல்பக்கம். பாசி குடியேறி முடிந்த பிறகே பவளம் நிறப்புரதம் செய்யத் தொடங்கும். அதற்கு இரண்டு மாதமும் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம். இந்தப் பழுப்பைப் பார்த்துவிட்டு "உணவு அதிகமாகிவிட்டது" என்று உறிஞ்சியை மறுபடி போடுவதுதான் பலரும் இந்தக் கட்டத்தில் செய்யும் பிழை. பாஸ்பேட் 0.1-க்குள் இருக்கும்வரை எதையும் தொடாதீர்கள். குறைத்த விளக்கைப் பழைய அளவுக்கு ஏற்றத் தொடங்குவது, நுனிகளில் புது வளர்ச்சியின் வெள்ளை வட்டம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு.